வான் ஹோயன் வழியில் ஒரு போல்டர் கிராமம்: கறுப்புச் சாக்கட்டி, சாம்பல் வாஷ், மூன்று தாள்கள்

செய்ய எடுத்துக்கொண்டது 17 × 27 செ.மீ. தாளில் ஒரு ஹாலந்து நாட்டுப்புறக் காட்சி; இடம் போல்டர், அதாவது அணை கட்டி நீரை வடித்து மீட்ட தாழ்நிலம். பண்ணை வீடு ஒன்று, பக்கத்தில் ஐந்து கம்பம் நட்ட உலர்புல் போர், வாய்க்கால், அதன் கரையில் தலை வெட்டிய வில்லோ மரங்கள் நான்கு, ஆட்கள் ஐந்தாறு பேர், சில மாடுகள். கருவி இரண்டே: கறுப்புச் சாக்கட்டி, சாம்பல் நிற வாஷ் (நீரில் கரைத்த மையைத் தூரிகையால் மெல்லிதாகப் பூசுவது). டச்சு நிலக்காட்சி ஓவியர் யான் வான் ஹோயன் (1596–1656) 1650களின் தொடக்கத்தில் வரைந்து தள்ளிய தாள்கள் பலவற்றின் அளவும் ஏறத்தாழ இதுதான். அவற்றில் 1653 என்று தேதியிட்டவை மிகுதி.

பார்த்தால் எளிது. நாலு கிறுக்கல், மேலே கொஞ்சம் சாம்பல் நிறம். உட்கார்ந்து செய்தால் முதல் தாளும் இரண்டாம் தாளும் கெட்டு, மூன்றாவதுதான் தேறியது. கெட்டதற்குப் பாதிக் காரணம் தாளும் சாக்கட்டியும். மறுபாதி, வரைகிற பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் வரைந்தது. ஒரு மனிதனுக்கு ஆறே கோடு என்ற சிக்கனத்தில் வேலை நடக்கும்போது, ஒரு கோடு தப்பினால் ஆளில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. விவரமாக வரையும் படத்தில் இந்தத் தப்பு மறைந்துகொள்ளும். இதில் மறையாது.

தாளுக்குக் கஞ்சி

17ஆம் நூற்றாண்டுத் தாள் கந்தல் துணிக் கூழில் செய்தது. கம்பிச் சல்லடையில் வார்ப்பதால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் இரண்டரை செ.மீ. இடைவெளியில் தடித்த வரிகளும் தெரியும். சாக்கட்டி அந்த வரிகளின் மேட்டில் மட்டும் பட்டு, பள்ளத்தை விட்டுவிட்டுப் போகும். வான் ஹோயன் தாள்களில் வானமும் தூரத்து வயலும் வெள்ளி பூசியதுபோல் நடுங்குவது பாதி அவர் கை, பாதி தாள்.

இன்று கிடைப்பதில் இதற்கு நெருக்கமானது 'இங்ர்' வகைத் தாள். ஃபாப்ரியானோவும் ஹானெமூலேயும் 90 முதல் 100 கிராம் எடையில் விற்கின்றன. பாஸ்டல் வரைபவர்கள் பயன்படுத்தும் தேன்கூட்டுப் பதிவுள்ள வண்ணத்தாள் வேண்டாம். சாக்கட்டி உரசினால் தேன்கூடு முழுவதும் புள்ளி புள்ளியாக எழுந்து வந்து, அது எந்த நூற்றாண்டுத் தாள் என்று காட்டிக்கொடுத்துவிடும். வழுவழுப்பான அச்சுத்தாளும் உதவாது, சாக்கட்டி வழுக்கும்.

இங்ர் தாளில் ஒரு குறை உண்டு. அது உலர் சாக்கட்டிக்காகச் செய்தது, ஈரம் தாங்காது. முதல் தாளைக் கடையில் வாங்கியபடியே பயன்படுத்தியதில் வாஷ் தொட்ட இடத்திலேயே உறிஞ்சப்பட்டு, தூரிகையின் ஒவ்வொரு தொடக்கமும் கறையாக நின்றது. அந்தக் காலத்தில் வார்த்த தாளைத் தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினில் முக்கி உலர்த்தினார்கள். துணிக்குக் கஞ்சி போடுவது போலத்தான். அதையே வீட்டில் செய்துகொள்ளலாம்.

சமையலுக்கு விற்கும் நிறமற்ற, சுவையற்ற ஜெலட்டின் 10 கிராம், தண்ணீர் 500 மி.லி. குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் போதும். கொதித்தால் ஜெலட்டினின் பிடிப்புப் போய்விடும்; அதன்பின் எத்தனை முறை பூசினாலும் தாள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தாளைப் பின்பக்கம் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பலகையில் விரித்து, நான்கு ஓரமும் ஈரம்பட்டால் ஒட்டும் காகித நாடாவால் ஒட்டிக் காயவிட வேண்டும். முழுக்கக் காய்ந்து முரசுத்தோல் போல இறுகியபின், வெதுவெதுப்பான கஞ்சியை அகலத் தூரிகையில் எடுத்து ஒருமுறை நீளவாக்கில், உடனே ஒருமுறை குறுக்குவாக்கில். நுரை எழக்கூடாது. நுரைக் குமிழி உடைந்த இடம் வட்டமாக நின்று, வாஷ் போடும்போது நிலா போலத் தெரியும். 24 மணி நேரம் காயவிட வேண்டும். மழைக்காலமானால் மின்விசிறிக் காற்றில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்வது நல்லது. ஈரம் தங்கிய ஜெலட்டினில் பூஞ்சணம் ஏறும். மிஞ்சிய கஞ்சியை எடுத்து வைக்காதீர்கள், மறுநாளே நாறும்.

ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் உறிஞ்சாமல், அதே நேரம் முத்தாக உருளாமல், படுத்துக் கிடந்தால் தாள் தயார். இரண்டாம் தாளுக்கு, முதல் தாளின் பயத்தில் 25 கிராம் ஜெலட்டின் போட்டதில் சொட்டு உருண்டது. வாஷ் தாளில் நிற்காமல் கோடுகளின் ஓரமாக ஒதுங்கிக் குளம் கட்டியது. சாக்கட்டியும் பளபளத்த மேற்பரப்பில் சறுக்கியது.

சாக்கட்டி

அன்று பயன்பட்டது இயற்கைக் கறுப்புச் சாக்கட்டி. கரி கலந்த மென்மையான களிப்பாறையை வாளால் அறுத்துக் குச்சியாக்கி, இருமுனையும் பிளந்த பித்தளைப் பிடிப்பானில் செருகி, வளையத்தைத் தள்ளி இறுக்கிக்கொள்வார்கள். களி கலந்திருப்பதால் அதன் கறுப்பு முழுக் கறுப்பல்ல, சாம்பல் ஓடியது. தாளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு குணமும் இந்த வேலைக்கு உயிர்.

அதனால்தான் வில்லோ குச்சியைச் சுட்ட கரி இங்கே சரிப்படாது. அது தாள்மேல் தூசியாக உட்கார்ந்திருக்கும்; ஈரத் தூரிகை பட்டதும் கோடு முழுவதும் வாஷில் கரைந்து படம் சேறாகிவிடும். முதல் தாளின் இரண்டாவது சாவு அது. அழுத்திச் செய்த கரிக்கட்டி அளவுக்கு மீறிக் கறுப்பு. பென்சில் மின்னும், தவிர வாஷின் கீழே ஈயம் போலத் தெரியும். கான்டே நிறுவனத்தின் 'பியர் நுவார்' பென்சில் ஓரளவு நெருங்குகிறது: மெல்லிய வேலைக்கு எச்பி, அடர்த்திக்கு 2பி. எண்ணெய் சேர்த்த கறுப்புப் பென்சில்களை ஒதுக்கிவிட வேண்டும். அவை நீரைத் தள்ளும்.

நீங்களே செய்வதானால்: விளக்குக் கரித்தூள் 10 கிராம், கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் 30 கிராம். கரித்தூள் நேராகத் தண்ணீரில் சேராது, மேலே மிதந்து கேலி செய்யும். முதலில் சில சொட்டுச் சாராய ஸ்பிரிட் விட்டுக் கூழாக்கிக்கொண்டால் அடங்கும். ட்ராககாந்த் பிசின் 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, அந்தக் கொழகொழப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைய வேண்டும். பென்சில் கனத்துக்கு உருட்டி, நிழலில் மூன்று நாள். கோடு போடும்போது உதிர்ந்தால் பிசின் குறைவு. தாளைக் கீறினால் பிசின் அதிகம். பிந்தையதே அடிக்கடி நடப்பது, ஏனென்றால் உதிரும் பயத்தில் எல்லோரும் பிசினை ஊற்றிவிடுகிறோம். கரித்தூளைக் கொட்டும்போது முகமூடி அவசியம்.

எண்ணெயில் ஊறிய சாக்கட்டி என்று ஒன்றும் அந்தக் காலத்தில் இருந்தது. ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தால் கோடு நல்ல கறுப்பாக விழும், கலையாது. ஆனால் காலப்போக்கில் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் பழுப்பு நிற எண்ணெய்ப் படலம் பரவும். பழைய தாள்களில் இன்றும் பார்க்கலாம். அதன்மேல் வாஷும் ஒட்டாது. இந்தப் பாணிக்கு அது வேண்டாம்.

அழிக்க ரப்பர் வேண்டாம், முந்தாநாள் ரொட்டியின் உள்சதை போதும். வெண்ணெய், சர்க்கரை சேர்த்த ரொட்டியாக இருக்கக்கூடாது. கொழுப்புப் பட்ட இடத்தில் வாஷ் ஏறாது. உள்ளங்கைக்கும் அதே விதிதான். கைக்குக் கீழே எப்போதும் ஒரு துண்டுத் தாள்.

அடிவானக் கணக்கு

இந்த நிலத்தில் மலை இல்லை. தட்டையான தரையில் நிற்கும்போது ஒரு வசதி உண்டு: அடிவானக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். எனவே அதே மட்டத்தில் நிற்கும் எல்லா ஆட்களின் கண்ணும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அடிவானத்தின்மேல்தான் விழும். காலடி மட்டும் இறங்கி ஏறும்.

ஆனால் ஹாலந்தில் பார்ப்பவர் பெரும்பாலும் அணைக்கரை மேல் நிற்கிறார். அணைக்கரை வயலைவிட 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், கண்மட்டம் வயலிலிருந்து 4.6 மீட்டர். இந்த ஒரு எண் போதும், மொத்தப் படத்தையும் அளந்துவிடலாம். எந்தப் பொருளானாலும், அதன் அடிக்கும் அடிவானத்துக்கும் தாளில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறதோ, அது 4.6 மீட்டருக்குச் சமம்.

1.6 மீட்டர் ஆள் வயலில் நிற்கிறார், காலடி அடிவானத்துக்கு 20 மி.மீ. கீழே என்றால் அவர் உயரம் 7 மி.மீ. அங்கேயே நிற்கும் 1.3 மீட்டர் உயர மாடு 5 மி.மீ.க்குச் சற்று மேல். இருவருமே அடிவானத்துக்கு நன்றாகக் கீழே அடங்குவார்கள். இரண்டாம் தாளில் வயலில் நின்ற பெண்ணின் தலை அடிவானத்தைத் தாண்டி வானத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் அவள் ஐந்து மீட்டர் உயரம். கண்ணுக்கு உடனே தெரிவதில்லை. 'என்னவோ சரியில்லை, வயல் சின்னதாக இருக்கிறது' என்றுதான் தோன்றும்.

அதே அணைக்கரை மேல் நடந்து வருபவருக்கு மட்டும் தலை அடிவானத்தைத் தொடும். வான் ஹோயன் முன்னிலத்து மேட்டில் இரண்டு பேரை உட்காரவைப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று. நாம் எங்கே நிற்கிறோம் என்று அவர்கள் அளந்து சொல்கிறார்கள்.

17 செ.மீ. உயரத் தாளில் அடிவானத்தை அடியிலிருந்து 4.5 செ.மீ. உயரத்தில் வைத்தோம், கிட்டத்தட்ட கால் பங்கு. மீதி வானம். அதற்கு மேலே ஏற்றினால் வயல் நிமிர்ந்து, சரிவான நிலம்போல் ஆகிவிடுகிறது. கோட்டை அளவுகோலால் போடாதீர்கள்; மரம், கூரை, மூடுபனி எங்கே வருகிறதோ அங்கெல்லாம் விட்டு விட்டு வர வேண்டும்.

உலர்புல் போர்

டச்சுக்காரர்கள் 'ஹோய்பெர்க்' என்பது. நம் வைக்கோல் போரை மனத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் தோற்போம். இது போர் அல்ல, ஏறி இறங்கும் கூரை. உயரமான கம்பங்கள் தரையில் நட்டு, அவற்றின் நடுவே புல் அடுக்குகிறார்கள். மேலே நாணல் வேய்ந்த கூர்ங்கூரை. கம்பங்கள் கூரையின் மூலைகளில் உள்ள பிடிகள் வழியாக ஊடுருவி, கூரைக்கு மேலேயும் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பத்தில் வரிசையாகத் துளைகள். கூரையைத் தூக்கி, துளையில் முளை செருகி நிறுத்துவார்கள். ஒற்றைக் கம்பத்திலிருந்து ஆறு கம்பம் வரை உண்டு.

இதிலிருந்து வரைபவருக்குத் தேவையான மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

கூரையின் உயரம் பருவத்தைச் சொல்லும். கோடையில் புல் வெட்டி அடுக்கியபின் கூரை உச்சியில் இருக்கும், கம்பத்தின் நுனி கொஞ்சமே தெரியும். குளிர்காலம் முழுதும் மாடு தின்னத் தின்னக் கூரை இறங்கும். வசந்தத்தில் கூரை தரைக்குப் பக்கத்தில், மொட்டைக் கம்பங்கள் வானத்தில். வில்லோவில் இலை இல்லாமல், ஆட்கள் தடித்த உடுப்பில் இருக்கும் தாளில் கூரையை உச்சியில் வைத்தால், படத்துக்குள் இரண்டு மாதங்கள் சண்டை போடும்.

கூரை ஒருசீராக ஏறுவதில்லை. மூலை மூலையாகத் தூக்கி முளை செருகுவார்கள். எனவே கூரை சற்றே சாய்ந்திருப்பதுதான் இயல்பு. ரெம்ப்ராண்ட் 1641இல் குடிசையும் உலர்புல் கொட்டகையுமாகச் செதுக்கிய செப்புத்தகட்டுப் படம் போன்றவற்றை உருப்பெருக்கிப் பார்ப்பது இந்த இடத்தில் உதவும்: எதுவும் மூலைமட்டத்தில் நிற்பதில்லை, ஆனால் எதுவும் விழுவதுமில்லை. நீர்மட்டம் வைத்ததுபோல் நேரான கூரை போட்டால் அது பேருந்து நிழற்குடை.

மூன்றாவது, கம்பங்களின் இடைவெளி. இங்கேதான் இரண்டாம் தாள் முற்றாகக் கெட்டது. ஐந்து கம்பத்தையும் சம இடைவெளியில் வரிசையாக நட்டு, வேலி ஆக்கிவிட்டோம். ஐங்கோணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடைவெளி சமமாக இருக்காது. ஒரு கம்பம் நமக்கு நேர் எதிரே இருப்பதாக வைத்து, நடுவிலிருந்து கம்பம் வரை 10 மி.மீ. என்று எடுத்தால்: நடுக்கம்பம் மையக்கோட்டில், அடுத்த இரண்டு மையத்திலிருந்து 9.5 மி.மீ. தள்ளி இருபுறமும், பின்னாலிருக்கும் இரண்டு 6 மி.மீ. தள்ளி. இந்தப் பின்கம்பங்கள் இரண்டும் புல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும்; கூரைக்கு மேலே மட்டும் தலைகாட்டும். கீழே மூன்று, மேலே ஐந்து. இதை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் போர் தானாக உருண்டு நிற்கும்.

அளவு: போரின் அடி அடிவானத்துக்கு 15 மி.மீ. கீழே. அங்கே ஒரு மீட்டர் என்பது சுமார் 3.3 மி.மீ. கம்பம் 8 மீட்டர் என்றால் தாளில் 26 மி.மீ., அதாவது அடிவானத்துக்கு மேலே 11 மி.மீ. நீளும். மேலே சொன்ன 10 மி.மீ. ஆரம், தரையில் 3 மீட்டர்.

வரைகிற வரிசை: முதலில் மூன்று முன்கம்பங்கள், லேசாக. பிறகு கூரை விளிம்பு; அது நேர்கோடல்ல, முன்னோக்கி வளைந்து முறியும் இரண்டு சாய்கோடு. அடிவானத்துக்கு மேலே இருப்பதால் விளிம்பின் அடிப்பகுதி நமக்குத் தெரியும். அங்கே ஒரு அழுத்தமான கறுப்பு. அதன்பின்தான் புல். புல்லுக்கு வெளிக்கோடு கிடையாது. மேலிருந்து கீழாகச் சின்னச் சின்ன வளைவுகள், கம்பத்தின் அருகே நெருக்கி, வெளிச்சப் பக்கம் விட்டுவிட்டு. புல் கம்பங்களுக்கு இடையே சற்றுப் புடைத்து வரும். அந்தப் புடைப்பு இல்லாவிட்டால் செங்கல் சுவர்.

மற்றவை

வில்லோ மரங்களை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுவார்கள், மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விளாறுகளை அறுத்துக் கூடைக்கும் கைப்பிடிக்கும் அணைக்கரைக் கட்டுமானத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள். விளைவு: குட்டையான, பருத்த அடிமரம், முஷ்டி போல வீங்கிய தலை, அதிலிருந்து நேராகச் சிதறும் குச்சிகள். கிளை பிரிந்து பிரிந்து போவதாக வரைந்தால் அது வேறு மரம். நான்கு மரத்தில் ஒன்றை அப்போதுதான் வெட்டிய மொட்டையாக விடுங்கள்; வரிசைக்கு உயிர் வரும்.

ஏற்றக் கிணறு. கவட்டை மரத்தில் நீள உத்திரம், ஒருமுனையில் வாளி, மறுமுனையில் எடை. யாழ்ப்பாணத்துத் துலா தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்வத்தில் இரண்டாம் தாளில் வாய்க்காலோரமாக ஒன்று போட்டாயிற்று, தப்பு. இது முதன்மையாக மணற்பாங்கான மேட்டுப் பகுதிகளின் பொருள். தண்ணீர் காலடியில் கிடக்கும் போல்டரில், அதுவும் வாய்க்காலுக்கு இரண்டடி தள்ளி, யார் ஏற்றம் கட்டப் போகிறார்கள்?

தூரத்தில் காற்றாலை ஒன்று வைத்தால், முன்பக்கத்திலிருந்து பார்க்க டச்சு ஆலைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். மேல்நோக்கி நிற்கும் இறக்கையில் அகலமான சட்டம் நடுமரத்தின் வலப்பக்கம் வரும். 8 மி.மீ. ஆலையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் ஒன்றுமில்லை; உழைப்பு ஒன்றேதான், சரியாகவே போட்டுவிடலாமே. செப்புத்தகட்டுப் படங்களைப் பார்த்து வரைபவர்கள் கவனம்: அச்சில் இடம் வலம் மாறும், ஆலையும் திசை மாறியிருக்கும்.

படகு. வடிகால் நீரைச் சேர்த்துவைக்கும் கால்வாய் வயலைவிட உயரத்தில் ஓடுவதால், புல்வெளிக்கு மேலே பாய்மரம் நகர்வது இந்த ஊரின் அன்றாடக் காட்சி. உடல் கரைக்குப் பின்னால் மறைய, பாய் மட்டும். உடல் தெரியுமாறு வரைந்தால் பக்கவாட்டில் தொங்கும் நீள்வட்டப் பலகையை மறக்கக்கூடாது. அடி தட்டையான படகு காற்றில் பக்கவாட்டாக நழுவாமல் பிடிப்பது அதுதான்.

ஆட்கள்

7 மி.மீ. ஆளுக்கு முகம் கிடையாது. தொப்பி முதலில்: ஒரு கிடைக்கோடு, அதன்மேல் சின்ன மேடு. அடுத்து முதுகு, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பு. வயது, பாரம், குளிர் எல்லாம் இந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. பிறகு முன்பக்கம், அதைவிட மெல்லியதாக. கால்கள் இரண்டு தட்டல். கடைசியில் தொப்பி விளிம்பின் கீழே ஒரு அழுத்தம், காலுக்கு இடையில் ஒரு அழுத்தம். கோடு ஆறு, அழுத்தம் இரண்டு; ஆள் முடிந்தது.

பால் சுமக்கும் பெண்ணுக்கு ஒரு குறிப்பு. இரு தோளிலும் படியும்படி குடைந்த நுகம் அது, காவடி போல ஒரு தோளில் முன்னும் பின்னுமாகக் கிடப்பதல்ல. வாளிகள் இடமும் வலமும் தொங்கும். அவள் நம்மை நோக்கி வந்தால் வாளிகள் விலகித் தெரியும். பக்கவாட்டில் போனால் ஒன்றை ஒன்று மறைத்து ஒரே வாளியாகிவிடும். பக்கவாட்டில் நடப்பவளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தொங்கவிட்டால் நுகம் தோளிலிருந்து திரும்பிவிட்டது என்று பொருள்.

ஆட்களைத் தனியாக ஒரு சிறு ஏட்டில் இருபது முப்பது முறை போட்டுப் பழகிவிட்டுத்தான் தாளுக்கு வர வேண்டும். வான் ஹோயனும் அப்படித்தான். 1650–51இல் ரைன் ஆற்றுப் பக்கம் போனபோது நிரப்பிய ஏடு உள்ளங்கை அளவுதான். அதில் அள்ளிக்கொண்டு வந்ததை வீட்டில் உட்கார்ந்து பெரிய தாள்களில் சேர்த்துக் கட்டினார். 'உயிரைப் பார்த்து' (நேரில் கண்டபடி), 'மனத்திலிருந்து' என்று டச்சு ஓவியர்கள் இரண்டாகச் சொல்வார்கள். இந்தத் தாள்களில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

வாஷ்

சீன மைக்கட்டி நல்லது. கல்லில் 5 மி.லி. காய்ச்சி வடித்த நீர் விட்டு மூன்று நான்கு நிமிடம் தேய்த்தால் போதுமான அடர்த்தி வரும். குப்பியில் வரும் இந்திய மையில் அரக்கு உண்டு; நீர் கலந்தால், குறிப்பாகக் குழாயின் கடின நீர், திரிந்து மணல் மணலாகப் படியும், விளிம்பும் கத்தி போல நிற்கும். மூன்று கிண்ணம்: 20 மி.லி. நீரில் 10 சொட்டு, 20 மி.லி.யில் 25 சொட்டு, 10 மி.லி.யில் 40 சொட்டு. ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் வெளுக்கும். துண்டுத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கட்டி வேலை முடிந்ததும் தாளை நிமிர்த்திப் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். ஊதக்கூடாது, எச்சில் தெறித்தால் புள்ளி. அணில் முடித் தூரிகை, எண் 6 அல்லது 8, நிறைய மை ஏற்றி, தொட்ட இடத்தை மறுபடி தொடாமல். திரும்பத் தேய்த்தால் எந்தச் சாக்கட்டியும் கரையும்.

வாஷ் போகும் இடங்கள் ஐந்தே. அடிவானத்தில் முதல் கிண்ணத்தால் ஒரு மெல்லிய பட்டை, தூரத்து மரங்களுக்கு. வில்லோத் தலைகளின் நிழற்புறம். போரின் கூரைக்குக் கீழே. வாய்க்காலில் கரையின் பிரதிபலிப்பு. பொருள் சாய்ந்திருந்தாலும் அதன் ஒவ்வொரு புள்ளியின் பிரதிபலிப்பும் அந்தப் புள்ளிக்கு நேர்கீழே விழும். கடைசியாக முன்னிலத்தில் மூன்றாம் கிண்ணத்தால் ஒரு மூலையிலிருந்து சரிந்து உள்ளே போகும் இருள். அதைத் தாண்டித்தான் கண் வெளிச்சத்துக்குப் போகும். கோட்டுக்குள் நிறம் நிரப்புகிற வேலை அல்ல இது. வாஷ் கோட்டைக் கடந்து வழிய வேண்டும்; வெளிக்கோட்டுக்குள் அடங்கினால் சிறுவர் வண்ணப் புத்தகம் ஆகிவிடும்.

வானத்துக்கு வாஷ் போடும் ஆசையை அடக்குங்கள். மூன்றாம் தாளில் இருக்கும் ஒரே பெரிய குறை அங்கேதான். மேகத்தின் அடியில் இரண்டாவது முறை தூரிகை போனதில் ஈரம் பின்வாங்கிக் காலிஃப்ளவர் போல ஒரு விளிம்பு நிற்கிறது. மேகத்துக்குச் சாக்கட்டியைப் படுக்கவைத்து நாலைந்து வளைவு போதும். மேலே பெரிதாக, அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறிதாக, அடி தட்டையாக.

வாஷ் முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நேரத்தில் சாக்கட்டியின் கூர்முனையால் கடைசி அழுத்தங்கள். ஈரத்தில் விழும் கோடு ஆழ்ந்த கறுப்பாக இறங்கும், எந்த ரொட்டியும் அதை எடுக்காது. எனவே எண்ணி வையுங்கள். மூன்றாம் தாளில் பதினொன்று: முன்னிலத்து ஆளின் தொப்பி, கூரை விளிம்பு, படகின் பலகை, இரண்டு மாட்டின் வயிற்றடி, மீதி வாய்க்கால் கரையில்.

முடித்து வைப்பது

தாளைக் கலையாமல் நிறுத்த வான் கோ பென்சில் படங்கள்மேல் பாலும் நீரும் கலந்து ஊற்றுவார். 1880களின் தொடக்கத்துக் கடிதங்களில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈரப்பதம் மிகுந்த ஊரில் அதைச் செய்தால் பூஞ்சணத்துக்கு விருந்து. அரை சதவீத ஜெலட்டின் நீரைத் தூரத்திலிருந்து மெல்லிய தூவலாக ஒருமுறை விடலாம். அல்லது ஒன்றும் விடாமல், வழுவழுப்பான கிளாசின் தாளை மேலே போட்டு, படம் அசையாதபடி அட்டைக்குள் வைத்தால் போதும். களி கலந்த சாக்கட்டி அந்த அளவு பிடித்துக்கொள்ளும்.

பலகையிலிருந்து தாளை அறுக்கும்போது ஒரு ஓரம், பிறகு எதிர் ஓரம் என்று மாற்றி மாற்றி அறுங்கள். பக்கத்துப் பக்கத்து ஓரங்களை அறுத்தால் இழுவிசை ஒருபக்கம் கூடி மூலை கிழியும். வான் ஹோயன் தன் தாள்களில் 'விஜி' (VG) என்று இரண்டெழுத்தைப் பிணைத்து ஆண்டையும் சேர்ப்பார். அதை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். வரித்தாள், ஜெலட்டின் கஞ்சி, கறுப்புச் சாக்கட்டி, கூடவே அந்தக் கையொப்பம் என்றால் அது பயிற்சியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. உங்கள் எழுத்து முன்பக்கம். பின்பக்கம் பென்சிலில் தேதி, ஜெலட்டின் எத்தனை கிராம், சாக்கட்டி எந்தக் கலவை, எத்தனை சொட்டு.